குளிர் பட்டறையில எபாக்ஸி: ஐஆர் லேம்ப்பா, ஹீட்டரா, கூடாரமா, இல்ல சும்மா காத்திருக்கலாமா?

சாயங்காலம் அடிச்ச எபாக்ஸி பிரைமர், அதாவது ரெசினும் ஹார்டனரும் கலந்து தகட்டுல முதல்ல பூசுற அடிப்பூச்சு, மூணாவது நாள் காலைலயும் கட்டைவிரல் வச்சா ரேகை பதியுது. ஹார்டனர் கம்மியா ஊத்திட்டோமோன்னு சந்தேகப்பட்டு ரெண்டு டின்லயும் மிச்சம் இருந்ததை எடை போட்டுப் பாத்தேன், ரேஷியோ சரியாத்தான் போயிருக்கு. அப்புறம்தான் தெர்மாமீட்டரைப் பாக்கணும்னே தோணுச்சு: பட்டறைக்குள்ள 7 டிகிரி, தகடு அதைவிடக் குளிர். கதை அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு குளிர்காலம் முழுக்க இதுக்கு என்ன வழின்னு ஒவ்வொண்ணா பண்ணிப் பாத்தேன், இதே முடிவை எடுக்கப் போறவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. எபாக்ஸி காயுறது இல்ல. தண்ணி பெயிண்ட் மாதிரி எதுவோ ஆவியாகிப் போய் மிச்சம் நிக்குற சமாச்சாரம் இது கிடையாது. ரெசினும் ஹார்டனர்ல இருக்குற அமீனும் ஒண்ணோட ஒண்ணு வினை புரிஞ்சு வலை மாதிரி பின்னிக்கிட்டாத்தான் அது கெட்டியாகும், அந்த வேகம் முழுக்க வெப்பநிலை கையிலதான் இருக்கு. ரொம்ப நாளா சொல்ற தோராயக் கணக்கு என்னன்னா 10 டிகிரி ஏறினா வேகம் ரெண்டு மடங்கு, 10 டிகிரி இறங்கினா பாதி. 25 டிகிரில 8 மணி நேரம் எடுக்குற சரக்கு 15ல 16 மணி நேரம், 5ல 32 மணி நேரம். இது காகிதத்துல போடுற கணக்கு. நிஜத்துல சாதாரண ஹார்டனர் பெரும்பாலானதுக்கு 10 டிகிரிக்குக் கீழ அடிக்காதன்னு டின்லயே போட்டிருப்பான், ஏன்னா அங்க வினை ஏறக்குறைய படுத்துடும். அதைவிட மோசம், பூசின படலம் பாதி பின்னின நிலைமையிலயே கண்ணாடி மாதிரி இறுகிடும், மூலக்கூறு நகர முடியாததால மீதி வினை நடக்காம நின்னு போயிடும். தொட்டா கெட்டியாத்தான் இருக்கும், தின்னர்ல நனைச்ச துணியால நாலு தேய் தேய்ச்சா துணியில வந்துடும். அரைவேக்காடு.

குளிர்ல வர்ற இன்னொரு தலைவலி ப்ளஷ். வினை மெதுவா நடக்கும்போது அமீன் மேற்பரப்புல சும்மா கெடக்கும், காத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைடையும் ஈரத்தையும் புடிச்சுக்கிட்டு மெழுகு தடவின மாதிரி ஒரு பிசுக்கு உண்டாக்கும். அது மேல அடுத்த கோட் அடிச்சா ஒட்டாது, உரிஞ்சு வரும். நல்ல வேளையா இது தண்ணில கரையும், வெதுவெதுப்பான தண்ணியும் ஸ்க்ரப் பேடும் வச்சுக் கழுவிட்டு அப்புறம் சேண்ட் பேப்பர் போடணும். கழுவாம நேரா தேய்ச்சா பேப்பர் அடைச்சுக்கிட்டு பிசுக்கை இன்னும் உள்ளதான் தள்ளும்.

சரி, என்னென்ன வழி இருக்குன்னு பாப்போம்.

சும்மா காத்திருக்குறது. செலவில்ல, 12 டிகிரிக்கு மேல இருந்தா இது மோசமான முடிவும் இல்ல, ரெண்டு நாள் கூட ஆகும், அவ்வளவுதான். ஆனா ராத்திரி எவ்வளவு இறங்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, பகல் 14, ராத்திரி 3ன்னா நீங்க காத்திருக்குறது ப்ளஷ்ஷுக்கு. குளிர்ல வேலை செய்யுறதுக்குன்னே வர்ற ஹார்டனர் இருக்கு, ஃபீனால்கமைன் வகை, 5 டிகிரி வரைக்கும் போகும், சிலது அதுக்கும் கீழ. பெரிய டேங்க், இரும்புக் கூடாரச் சட்டம், நகத்த முடியாத எந்தப் பொருளா இருந்தாலும் முதல்ல இதைத்தான் யோசிக்கணும். ஃபீனால்கமைன் கொஞ்சம் மஞ்சள் அடிக்கும், அதனால மேல வேற கோட் வரப்போற பிரைமருக்குத்தான் பொருத்தம். வேற கம்பெனி ஹார்டனரை உங்க ரெசின்ல கலக்குறதோ, சீக்கிரம் ஆகட்டும்னு ஹார்டனரை ரெண்டு மூடி சேத்து ஊத்துறதோ வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் ரெசின்ல கேட்டலிஸ்ட்டை, அதாவது வினையைத் தூண்டி விடுற சரக்கை, கூட்டிக் குறைச்சுப் பழகினவங்க இங்க அதையே பண்ணுவாங்க, ஆனா எபாக்ஸில ஹார்டனர் கேட்டலிஸ்ட் இல்ல, வலையில பாதி அதுதான், கூடினா கூடினது ஜோடி கிடைக்காம அப்படியே உள்ள மெத்துன்னு நிக்கும்.

பட்டறை முழுக்கச் சூடாக்குறது. எல்லாருக்கும் முதல்ல தோணுறது இதுதான், நானும் கேஸ் ஹீட்டர் ஒண்ணு இரவல் வாங்கிட்டு வந்து வச்சேன். அரை மணி நேரத்துல உடம்புக்கு இதமா இருந்துச்சு, தகட்டைத் தொட்டா ஈரம். புகைக்குழாய் இல்லாம எரியுற ஹீட்டர் எல்லாமே எரிஞ்ச வாயுவை உள்ளேயே விடுது, 1 கிலோ புரொப்பேன் எரிஞ்சா 1.6 கிலோ தண்ணி ஆவியாவும் 3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாவும் வெளிய வரும். ப்ளஷ்ஷுக்கு என்ன வேணுமோ அது ரெண்டையும் கொண்டு வந்து கொட்டுற மாதிரிதான் இது. கெரசின், டீசல் ஹீட்டரும் இதே கேஸ்தான், அது போக கதவைச் சாத்தி வச்சா கார்பன் மோனாக்ஸைடு பயம் வேற. கரண்ட் ஹீட்டர்ல இந்தப் பிரச்சனை இல்ல, ஆனா அங்கேயும் காத்துதான் முதல்ல சூடாகும், இரும்பு கடைசியிலதான் சூடாகும். காத்து 15 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வைங்க, டியூ பாயிண்ட், அதாவது காத்துல இருக்குற ஈரம் தண்ணியா படியத் தொடங்குற வெப்பநிலை, கிட்டத்தட்ட 11.6. தகடு இன்னும் 6லயே நிக்குது. குளிர்ல இருந்து உள்ள வந்ததும் மூக்குக் கண்ணாடி வேர்க்கும் பாருங்க, அதேதான் தகட்டுலயும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசுப் படலமா இருந்தாக்கூட போதும், பிரைமரோட பிடிப்பு போச்சு. தகடு டியூ பாயிண்டை விட 3 டிகிரியாவது மேல இருக்கணும்னு பெயிண்ட் வேலைல ஒரு விதியே இருக்கு, அது இதுக்காகத்தான்.

இதுல வேடிக்கை என்னன்னா காத்தைச் சூடாக்க கரண்டே பெருசா வேண்டாம். 90 கன மீட்டர் பட்டறையோட காத்தை 15 டிகிரி ஏத்த அரை யூனிட் போதும். அந்தக் காத்து கதவிடுக்கு வழியா போயிட்டே இருக்கு, தரையும் சுவரும் கூரைத் தகடும் மிச்சத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கு, அதனாலதான் மீட்டர் ஓடுது. அதே அரை யூனிட்டுக்குள்ள 20 கிலோ இரும்பை 5லேர்ந்து 55 டிகிரிக்குக் கொண்டு போறதுக்கு வேண்டிய வெப்பம் மூணு தடவைக்கு மேல இருக்கு. பொருளைச் சூடாக்கு, ரூமைச் சூடாக்காதன்னு எனக்கு மண்டையில உறைச்சது இந்தக் கணக்கு போட்டதுக்கு அப்புறம்தான்.

அப்படி வரும்போதுதான் ஐஆர். அகச்சிவப்பு லேம்ப் காத்தைச் சட்டை பண்ணாது, நேரா பொருள் மேல போய் விழுந்து அங்கதான் வெப்பமா மாறுது. குளிர்ல வெயில் பட்ட தகடு மட்டும் சுடுது, பக்கத்துல நிழல் ஜில்லுன்னு இருக்குதுல்ல, அதான்.

லேம்ப் எல்லாம் ஒண்ணு இல்ல, இங்கதான் நிறைய பேர் தப்பான சாமானை வாங்கிடுறாங்க. ஷார்ட் வேவ்ங்குறது ஹேலோஜன் மாதிரி குவார்ட்ஸ் குழாய்க்குள்ள டங்ஸ்டன் இழை, 2000 டிகிரிக்கு மேல பழுத்து எரியும், கதிர் 1 மைக்ரான் அலைநீளம் சுத்துல அதிகமா வரும், சுவிட்ச் போட்ட நொடியே முழுச் சூடு. மீடியம் வேவ் 2லேர்ந்து 4 மைக்ரான், கார்பன் இல்லன்னா சாதாரண குவார்ட்ஸ் எலிமென்ட், 800, 1000 டிகிரி ரேஞ்சு. லாங் வேவ்னா செராமிக் பேனல், மங்கலா சிவக்கும் இல்ல சிவக்கவே சிவக்காது, சூடேறவே பத்து நிமிஷம் ஆகும். ரெசினோட மூலக்கூறுல கார்பன் ஹைட்ரஜன் பிணைப்பு 3.4 மைக்ரான் பக்கத்துலயும் ஆக்ஸிஜன் ஹைட்ரஜன் பிணைப்பு 3 மைக்ரான் பக்கத்துலயும் கதிரை உறிஞ்சும், அதனால மீடியம் வேவ் கோட்டிங்கையே நேரா சூடாக்குது. ஷார்ட் வேவ்ல கணிசமான பங்கு மெல்லிசு கோட்டிங்கை ஊடுருவிப் போய் தகட்டைச் சூடாக்கி உள்ளேர்ந்து வெளிய வேக வைக்குது. தின்னர் உள்ள பிரைமருக்கு இது நல்லது, ஏன்னா அடியிலேர்ந்து சூடாகும்போது தின்னர் மேல வழியா தப்பிச்சுப் போகும். மேல முதல்ல தோல் கட்டிக்கிட்டா உள்ள மாட்டுன தின்னர் கொதிச்சு ஊசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா வெடிச்சு வரும்.

நிறமும் இங்க விளையாடும். ஷார்ட் வேவ்ல கறுப்பு கோட்டிங் மளமளன்னு ஏறும், வெள்ளை பாதியைத் திருப்பி அடிச்சுடும், ஒரே தூரம் ஒரே நேரம்னு வச்சா ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும். லாங் வேவ்ல நிறம் ஏறக்குறைய கணக்குலயே இல்ல. ஒரே பட்டறைல ரெண்டு மூணு நிறம் ஓட்டுறவங்க, டைமரை நம்பி வேலை பண்றவங்க, இதை யோசிக்கணும்.

ஐஆரோட பலவீனம் என்னன்னு கேட்டா, அது பாக்குற இடத்தை மட்டும்தான் சூடாக்கும். நான் ஒரு வைஸ் ஸ்டாண்டுக்கு அடிச்சேன், 3 மில்லிமீட்டர் தகட்டுல மேல பெட்டி மாதிரி உடம்பு, அடியில 20 மில்லிமீட்டர் பேஸ் பிளேட். லேம்ப் உடம்புக்கு நேரா. இருபது நிமிஷம் கழிச்சு அளந்தா மெல்லிசு தகடு 85, அடித்தட்டு 19. மேல பிரைமர் பழுப்பாகத் தொடங்கிடுச்சு, கீழ வெல்டிங் மூலையில குச்சி வச்சுக் குத்தினா இன்னும் இழுவுது. உள்பக்கம், நிழல் விழுற மூலை, குழாயோட பின்புறம் எல்லாம் லேம்ப்புக்கு இல்லாத இடம்தான், இரும்பு கடத்திக்கிட்டுப் போனா உண்டு. அலுமினியம் ஃபாயில் ஒட்டின அட்டையைப் பின்னால நிறுத்தி வச்சா கொஞ்சம் திரும்பி அடிக்கும், அது உதவுச்சு, ஆனா மூலைக்கு முழு வைத்தியம் இல்ல.

அளக்குறதுல ஒரு கண்ணி இருக்கு. துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டரை லேம்ப் எரியும்போது காட்டினா தகட்டு மேல பட்டுத் திரும்புற கதிரையும் சேத்துப் படிச்சு கூட காட்டும். லேம்ப்பை அணைச்சுட்டு சில நொடி கழிச்சுப் படிங்க, இல்ல தகட்டோட பின்பக்கத்தைப் படிங்க. பின்பக்கம் பளபளன்னு வெறும் உலோகமா இருந்தா அதுவும் பொய்தான் சொல்லும், ரொம்பக் கம்மியா காட்டும், ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அது மேல காட்டுங்க. பின்னால வெப்பநிலை அளக்குற தெர்மோகப்பிள் கம்பியை டேப் போட்டு ஒட்டிட்டா இந்தத் தொல்லை எதுவும் இல்ல, நான் இப்ப அதைத்தான் பண்றேன்.

ஐஆர் ஓட்டுற முறையை முழுசா சொல்லிடுறேன், ஏன்னா லேம்ப் வாங்கினவங்க பாதிப்பேர் பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம்தான் அதைத் தேடுறாங்க. அதோட பெரிய உபயோகமே அடிக்கறதுக்கு முன்னாடிதான். வெறும் தகட்டை 20, 25 டிகிரிக்குக் கொண்டு வந்துட்டா மேல ஒட்டியிருக்குற ஈரம் போயிடும், டியூ பாயிண்ட் கவலை இல்ல. ரெசின் டின்னையும் ரூம்லயோ வெந்நீர்ப் பாத்திரத்துலயோ வச்சு அதே சூட்டுக்குக் கொண்டு வாங்க, குளிர்ல தேன் மாதிரி கெட்டியா இருக்குன்னு தின்னரைக் கூட ஊத்துறதுதான் பாதி வடியலுக்குக் காரணம். சூடான சரக்குக்கு பாட் லைஃப், அதாவது கலந்தது கெட்டியாகுறதுக்கு முன்னால கிடைக்குற நேரம், குறையும், கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க. அப்புறம் லேம்ப்பை அணைக்கணும், நல்லா ஆறவும் விடணும். தின்னர் ஆவி நிக்குற இடத்துல பழுத்த குவார்ட்ஸ் குழாய் இருந்தா நெருப்பு வைக்க வேற எதுவும் வேண்டாம். அணைச்சுட்டு அடிங்க, பெயிண்ட் கம்பெனியோட டேட்டா ஷீட் சொல்ற நேரம் வரைக்கும் தின்னர் பறக்கட்டும், குளிர்ல அதுக்கும் மேல கொஞ்சம், காத்தோட்டம் ஓடிட்டே இருக்கட்டும். வாடை போனதுக்கு அப்புறம் லேம்ப். முதல்ல தள்ளி வச்சு, இல்ல பாதிப் பவர்ல, தகடு 35, 40 வந்து கொஞ்ச நேரம் நிக்கட்டும். எடுத்ததும் முழுச் சூடு கொடுத்தா எபாக்ஸி கெட்டியாகுறதுக்கு முன்னால தண்ணி மாதிரி இளகும், செங்குத்தா நிக்குற பக்கத்துல திரை மாதிரி வடிஞ்சுடும். அதுக்கப்புறம் 55, 60க்கு ஏத்தி நிறுத்துறது என் பழக்கம், டேட்டா ஷீட் வேற சொன்னா அதைத்தான் கேக்கணும். தூரம் ரெண்டடில ஆரம்பிச்சு அளந்து அளந்து மாத்திக்கலாம். வாசல்ல இருந்து ஜில்லுன்னு காத்து அடிச்சா லேம்ப் கொடுக்குறதை அது அள்ளிட்டுப் போகும், காத்தைச் சூடாக்க வேண்டாம்னு சொன்னேனே தவிர காத்து பொருளைக் குளிர வைக்காதுன்னு சொல்லல.

மரம், கான்கிரீட்னா கதை மாறுது. உள்ள காத்து இருக்குற எந்தப் பொருளையும் ரெசின் பூசினதுக்கு அப்புறம் சூடாக்கினா உள்காத்து விரிஞ்சு கொப்புளமா கிளம்பும். முன்னாடியே சூடாக்கி, லேம்ப்பை அணைச்சு, ஆறி இறங்கிட்டு இருக்கும்போது பூசணும். அப்ப உள்காத்து சுருங்கி ரெசினை உள்ள இழுத்துக்கும். இது ஒண்ணை மாத்தினதும் எனக்கு பிளைவுட்ல கொப்புளம் நின்னு போச்சு. கனமா ஊத்துற வேலைக்கு, அதாவது அச்சுல சென்டிமீட்டர் கணக்குல நிக்குற ரெசினுக்கு, ஐஆர் பக்கமே போகாதீங்க, அது தானாவே சூடு கிளப்புற சரக்கு, மேல நீங்களும் சூடு கொடுத்தா புகைஞ்சு வெடிப்பு விட்டுடும்.

ஹீட் கன்னைப் பத்தி ஒரு வரி போதும். கொப்புளம் உடைக்க, ஒரு சின்ன ரிப்பேர் துண்டைச் சூடேத்த நல்லா இருக்கும். அதைக் கையில புடிச்சு ஒரு மணி நேரம் பிரைமரை வேக வைக்கிறவங்களுக்குத் தூசியும் தோள் வலியும்தான் மிச்சம்.

கடைசியா கூடாரம், ஐஆருக்கு நிஜமான போட்டி இதுதான். பொருளைச் சுத்தி சட்டம் கட்டி ராக் வூல் போர்டோ கனமான போர்வையோ போட்டு மூடி, உள்ள புகையில்லாத கரண்ட் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் ஒரு சின்ன ஃபேனும். மூலை, உள்பக்கம், பின்பக்கம் எல்லாத்துக்கும் ஒரே சூடு, மெல்லிசு தகடு தீயாது, தடிமன் தகடு நேரம் எடுத்தாலும் வந்து சேரும், நிறம் ஒரு பொருட்டே இல்ல. 40, 50 டிகிரில ராத்திரி முழுக்க விட்டுட்டுத் தூங்கலாம்னு சொல்வாங்க, நான் தூங்க மாட்டேன், சொந்தமா கட்டின பெட்டில ஹீட்டரை ஆள் இல்லாம விடுறதுக்கு எனக்கு மனசு வராது, ரெண்டு பகல்ல முடிச்சுக்குவேன். தின்னர் முழுக்கப் பறந்ததுக்கு அப்புறம்தான் மூடணும், இதுல சமரசம் இல்ல. இடம் அடைக்கும், கட்டவும் நேரம் ஆகும், ஒரே ஒரு கதவுத் தகட்டுக்கு இவ்வளவு கூத்தான்னு அலுப்பா இருக்கும்.

அப்ப எதை எடுக்குறது? பொருளைப் பாத்து முடிவு பண்ணுங்க, ஹீட்டர் விளம்பரத்தைப் பாத்து இல்ல. தட்டையா, ஒரே தடிமன்ல, ஒரு பக்கம் நின்னு பாத்தா முழுக்கத் தெரியுற பொருளா, வண்டிக் கதவு, பேனல், மேஜைத் தகடு மாதிரி? ஐஆரை அடிச்சுக்க ஆளில்ல, ஒரு மணி நேரத்துக்குள்ள தேய்க்குற பதத்துக்கு வந்துடும். தின்னர் உள்ள பிரைமர்னா ஷார்ட் வேவ், தின்னரே இல்லாத தெளிவான கோட்டிங், பல நிறம்னா மீடியம் வேவ். தடிமன் கலந்து கட்டின வெல்டிங் வேலை, ஃப்ரேம், வார்ப்பு, பம்ப் பாடின்னா கூடாரம். நகராத பெருசுக்குக் குளிர் ஹார்டனர், கூடவே தகட்டை மட்டும் முன்னாடி லேம்ப் வச்சுக் காய வைங்க. கேஸ் ஹீட்டரைப் பட்டறைக்கு வெளிய வச்சு கை காயலாம்.

ஒரே ஒண்ணுதான் வாங்க முடியும்னா நான் ஸ்டாண்டோட ஒரு மீடியம் வேவ் லேம்ப்பைத்தான் எடுப்பேன், ஏன்னா போர்வையும் சட்டமும் எல்லார்கிட்டயும் கெடக்கும், லேம்ப் கெடக்காது, ஷார்ட் வேவ் வேகம் இல்லாட்டியும் நம்ம அவசரத்துக்கு அது போதும்.

ஆச்சான்னு சோதிக்க கலந்த டப்பால மிச்சம் இருக்குறதைத் தட்டிப் பாக்காதீங்க. டப்பால மொத்தமா இருக்குறது தன் சூட்டுலயே சீக்கிரம் கெட்டியாயிடும், தகட்டுல 60 மைக்ரான் படலம் அப்படி ஆகாது. அதே தடிமன்ல ஒரு வெட்டுத் துண்டை எடுத்து அதே கையோட அடிச்சு, பொருள்லயே ரொம்பக் குளிரா இருக்குற மூலைக்குப் பக்கத்துல தொங்க விடுங்க. நகம் பதியலன்னா, தின்னர் துணில நிறம் வரலன்னா அடுத்த கோட்டுக்குப் போகலாம். வைஸ் ஸ்டாண்டோட அடித்தட்டை நான் சுரண்டி எடுத்துட்டு மறுபடி அடிச்சு, போர்வைக்குள்ள 45ல ஒரு பகல் வச்சேன். துண்டு அடித்தட்டுப் பக்கத்துலதான் தொங்குச்சு. சாயங்காலம் துணி வெள்ளையாவே வந்துச்சு.